மெய்யான குரூஸோ: அலெக்ஸாந்தர் செல்கர்க்கின் சரிதம்

ஆங்கில நூல்களுள் நம் நாட்டுச் சிறுவர் இளமையிலேயே அறிந்துகொள்ளும் கதைகளில் இராபின்ஸன் குரூஸோவின் கதையும் ஒன்றாகும். பள்ளிப் பாடமாகச் சுருக்கப்பட்ட சிறு புத்தக வாயிலாகவேனும் அதனைப் படியாதார் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருத்தல் கூடும். கப்பல் உடைந்து, தன்னந்தனியனாய் ஒரு தீவிற் கரையேறி, வீடு கட்டி, தானியம் விதைத்து, ஆடு வளர்த்து, 28 ஆண்டுகள் ஆங்கே அரசனைப்போல் வாழ்ந்து, முடிவிற் செல்வனாய்த் தாய்நாடு திரும்பிய அம்மனிதனை நாம் நன்கறிவோம். ஆனால் அவன் டானியேல் டீபோ என்னும் ஆசிரியரின் கற்பனையிற் பிறந்தவன். அக்கற்பனைக்கு வித்தாக இருந்தோருள் முதன்மையானவரென அறிஞர் பலராலும் கருதப்படுபவர் ஸ்காத்லாந்து தேசத்து மாலுமியாகிய அலெக்ஸாந்தர் செல்கர்க் என்பவர். கதையை விடுத்து, அவர் நின்ற இடத்தில் நாமும் நின்று நோக்குவோமாயின், தீவு வாசம் என்பது முற்றிலும் வேறொரு பொருளுடையதாய்த் தோன்றுகின்றது. அதனையே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

செல்கர்க் 1676-ஆம் ஆண்டில், ஸ்காத்லாந்தின் கீழ்க்கரையிலுள்ள பைஃப் நாட்டு லோயர் லார்கோ என்னும் மீன்பிடி கிராமத்திற் பிறந்தார். தந்தையார் ஜான் செல்கிரேக் தோல் பதனிட்டுப் பாதரட்சை தைக்குந் தொழிலினர். செல்கிரேக் என்னும் குடும்பப் பெயரே பிற்காலத்திற் செல்கர்க் என மருவி வழங்கலாயிற்று. வீட்டு வாயிலில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கடலே காணப்படும் அவ்வூரில், மைந்தனின் மனம் தோலிலும் ஊசியிலும் பொருந்தவில்லை. அது கடலின்மேற் சென்றது.

அவர் இளமையைப்பற்றி நமக்கு எஞ்சியுள்ள செய்திகள் பெரும்பாலும் அவ்வூர்ச் சபையின் பதிவேட்டில் உள்ளவை. அவை அவருக்குப் பெருமை தருவன அல்ல. 1695-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தேவாலயத்தில் முறைகேடாக நடந்துகொண்டார் என்று சபை மூப்பர்கள் அவரை விசாரணைக்கு அழைத்தனர். அவரோ மூப்பர் முன் வராமற் கப்பலேறிச் சென்றுவிட்டார். ஆறாண்டுகள் கழித்து ஊர் திரும்பியபோதும் அவர் சினம் தணிந்திருக்கவில்லை. 1701-ஆம் ஆண்டில் ஒருநாள், பாத்திரத்திலிருந்த உப்புநீரை அறியாமற் பருகி அவர் முகஞ்சுளிக்க, அதுகண்டு சகோதரர் ஆன்ட்ரூ நகைத்தார். அச்சிறு நகைப்பு அடிதடியாய் மூண்டது. தடுக்க வந்த தந்தையும், தமையனும், தமையன் மனைவியும் அக்கலகத்தில் அகப்பட்டனர். செல்கர்க் சபையார் அனைவர் முன்னிலையிலும் நின்று கண்டனம் பெற்று, இனித் திருந்தி நடப்பதாக வாக்களிக்க நேர்ந்தது. ஒரு கூரையின்கீழ்ப் பிறரோடு ஒத்து வாழ்வது அவருக்கு எக்காலத்தும் அரிதாகவே இருந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அவருடைய வாழ்க்கை முழுவதற்கும் அதுவே திறவுகோலாகும்.

கப்பலில் விளைந்த பிணக்கு

அக்காலத்தில் ஸ்பெயின் தேசத்து அரசுரிமை பற்றி ஐரோப்பாவிற் பெரும்போர் நடந்துகொண்டிருந்தது. பகைவர் கப்பல்களைக் கொள்ளையிட்டுப் பொருளைப் பங்கிட்டுக்கொள்ளத் தனியாருடைய கப்பல்களுக்கு இங்கிலாந்தின் அரசாங்கமே உத்தரவுச் சீட்டு வழங்கிற்று. 1703-ஆம் ஆண்டு செப்டம்பரில் அயர்லாந்தின் கின்சேல் துறைமுகத்திலிருந்து அவ்வகைக் கப்பல்கள் இரண்டு தென்கடல் நோக்கிப் புறப்பட்டன. ஒன்று, உலகைச் சுற்றி வந்து நூலெழுதிப் புகழ்பெற்ற வில்லியம் டாம்பியர் தலைமை தாங்கிய செயின்ட் ஜார்ஜ். மற்றொன்று சிங்க் போர்ட்ஸ். இரண்டாவதிற் கப்பலைச் செலுத்தும் மாலுமித் தலைவராகச் செல்கர்க் அமர்ந்தார். வயது 27, கணிதமும் திசையறி கருவிகளும் அவருக்குக் கைவந்திருந்தன.

சிங்க் போர்ட்ஸ் கப்பலின் தலைவர் பிக்கரிங் என்பார் பிரேசில் தேசக் கரையருகே நோயால் இறந்தார். அவருக்குப் பின் தலைமை ஏற்றவர் தாமஸ் ஸ்ட்ராட்லிங் என்னும் இளைஞர். தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பசிபிக் மகாசமுத்திரத்தை அடைந்தபின் இரு கப்பல்களும் பிரிந்தன. 1704-ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் சிங்க் போர்ட்ஸ், சிலி தேசக் கரைக்கு மேற்கே ஏறக்குறைய 670 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜுவான் பெர்னாண்டஸ் தீவுக்கூட்டத்தில் மாஸ்-அ-தியெரா என்னும் தீவை நீர் முகக்க வந்தடைந்தது.

கப்பலின் அடிமரத்தைக் கடற்புழுக்கள் அரித்துத் துளைத்திருந்தன. ஊறும் நீரை மாலுமிகள் இரவும் பகலும் இறைத்துக் களைத்தனர். செவ்வனே பழுது பார்த்தாலன்றி இக்கப்பல் கடலிற் செல்லத் தகாது என்று செல்கர்க் வற்புறுத்தினார். ஸ்ட்ராட்லிங் செவிசாய்க்கவில்லை. வாக்குவாதம் முற்றவே, இவ்வோட்டைக் கப்பலிற் செல்வதினும் இத்தீவில் இருந்துவிடுதலே மேல் என்று செல்கர்க் கூறிவிட்டார். தலைவர் அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டார். பெட்டியும் படுக்கையும், ஒரு துப்பாக்கியும் சிறிது மருந்தும் குண்டுகளும், கோடரி, கத்தி, கெண்டி, புகையிலை, சில கணிதக் கருவிகள், புத்தகங்கள், வேதாகமம் ஆகியவற்றோடு அவர் கரையில் இறக்கப்பட்டார்.

தம்மைப் பின்பற்றி மாலுமிகள் வேறு சிலரும் இறங்குவரென அவர் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். ஒருவரும் இறங்கவில்லை. படகு திரும்பியபோது அவர் துணிவு முழுவதும் அழிந்தது. முழங்காலளவு நீரில் இறங்கி நின்று, மீண்டும் ஏற்றிக்கொள்ளுமாறு மன்றாடினார். ஸ்ட்ராட்லிங் இரங்கவில்லை, கப்பல் போய்விட்டது.

அந்த இரக்கமின்மையே அவர் உயிரைக் காத்தது. செல்கர்க் அஞ்சியவாறே சிங்க் போர்ட்ஸ் பிற்பாடு மல்பெலோ என்னும் தீவருகே அழிந்தது. மாலுமிகளுள் எஞ்சிய சிலரும் ஸ்ட்ராட்லிங்கும் ஸ்பானியர் கையிற் சிக்கிப் பெரு தேசத்து லிமா நகரச் சிறையிற் பல்லாண்டு வருந்தினர். ஆனால் தாம் கணித்தது சரியே என்பதை அறிய, தீவிலிருந்த செல்கர்க்குக்கு யாதொரு வழியும் இல்லை. பிடிவாதத்தால் தம்மைத் தாமே அழித்துக்கொண்டோம் என்ற எண்ணத்தோடேயே அவர் அங்கே வாழவேண்டியதாயிற்று.

நான்காண்டு நான்கு மாதம்

முதல் எட்டு மாதங்கள் மிகக் கொடியவை. பகலெல்லாம் கடலையே நோக்கிக்கொண்டு கரையில் அமர்ந்திருப்பார். பசி மிகுந்தாலன்றி உண்ணமாட்டார். கண் தானே மூடினாலன்றி உறங்கமாட்டார். உப்பின்றி மீனும் அவருக்கு உவப்பாயில்லை. கரையோரத்துச் சிங்கிறாலை உண்டு நாட்கழித்தார். கடற்சிங்கங்கள் கூட்டங்கூட்டமாய்க் கரையேறி ஊளையிடத் தொடங்கியபின்னரே அவர் தீவின் உட்பகுதிக்குப் பெயர்ந்தார்.

உள்ளே சென்றதும் வாழ்க்கை மாறிற்று. பிமெண்டோ என்னும் நறுமண மரத்தால் இரண்டு குடிசைகள் கட்டி, நீண்ட புல்லால் வேய்ந்து, உட்புறம் ஆட்டுத்தோலை விரித்தார். ஒன்று சமையலுக்கு, மற்றொன்று உறக்கத்திற்கும் வாசிப்பிற்கும் வழிபாட்டிற்கும். முன்னே வந்த மாலுமிகள் விதைத்துச் சென்ற டர்னிப்புக் கிழங்கும், முட்டைக்கோசின் சுவையுடைய ஒருவகைப் பனங்குருத்தும் உணவாயின. எலிகள் உறக்கத்திற் காலைக் கடித்து ஆடையைக் கிழித்தன. காட்டுப் பூனைகளுக்கு இறைச்சி யிட்டுப் பழக்கி, அவற்றைத் தம்மைச் சுற்றிலும் படுக்கச் செய்து அத்தொல்லையை ஒழித்தார். துப்பாக்கி மருந்து தீர்ந்தபின் வெறுங்காலால் ஓடியே காட்டாடுகளைப் பிடித்தார். சிலவற்றைக் கொன்றார், பலவற்றைக் காதில் அடையாளமிட்டு விட்டுவிட்டார். ஆடை கிழிந்தபோது, ஆணியொன்றை ஊசியாகக் கொண்டு ஆட்டுத்தோலிற் சட்டையும் குல்லாயும் தைத்துக்கொண்டார். செருப்புத் தைப்பவர் மகனுக்குத் தந்தையின் தொழில் அத்தனிமையில் வந்து உதவிற்று.

ஆபத்துக்களும் இல்லாமலில்லை. ஆடொன்றைத் துரத்திச் செல்கையில், புதர் மறைத்திருந்த மலை விளிம்பிலிருந்து ஆட்டோடு உருண்டு விழுந்து நெடுநேரம் உணர்வற்றுக் கிடந்தார். கண் விழித்தபோது ஆடு அவருக்கடியில் இறந்து கிடந்தது. மற்றொருமுறை ஸ்பானியர் கரையிறங்கி அவரைக் கண்டு சுட்டனர். அவர் ஓடி மரமொன்றில் ஏறி ஒளிந்தார். தேடி வந்தோர் அம்மரத்தடியிலேயே நின்றும் அவரைக் காணாது மீண்டனர். மனிதரைக் காண ஏங்கிக் கிடந்தவர் மனிதருக்கு அஞ்சியே ஒளியவேண்டியிருந்தது.

நாட்செல்லச் செல்லத் துயரம் அவரை விட்டு அகன்றது. உரத்த குரலில் வேதம் வாசித்தும், ஊர்ச் சபையிற் கேட்ட சங்கீதங்களைப் பாடியும், பூனைகளோடும் ஆட்டுக்குட்டிகளோடும் ஆடியும் பொழுது போக்கினார். முன்னும் பின்னும் தமக்கில்லாத பக்தி அங்கே தமக்கு வாய்த்திருந்ததாக அவரே பிற்பாடு கூறினார். சபை மூப்பருக்கும் சகோதரருக்கும் கப்பற்றலைவருக்கும் அடங்காத அம்மனிதர், சினத்தை மூட்டுவார் ஒருவரும் இல்லாத இடத்தில் அடங்கினார்.

மீட்சி

1709-ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் வுட்ஸ் ரோஜர்ஸ் என்னும் தலைவரின் கீழ் ட்யூக், டச்சஸ் என்ற இரு ஆங்கிலக் கப்பல்கள் அத்தீவை அணுகின. கரையிற் கண்ட தீயைப் பகைவர் இட்டதென முதலில் ஐயுற்றனர். பின்பு கரைக்குச் சென்ற படகு, ஆட்டுத்தோல் போர்த்த ஒரு மனிதரோடு திரும்பிற்று. பேசிப் பழகாமையால் அவருடைய சொற்கள் பாதி பாதியாகவே வெளிவந்தன. விந்தை யாதெனில், அவருடைய முதற்பயணத்துக்குத் தலைவராயிருந்த டாம்பியரே இப்பொழுது வழிகாட்டியாக ட்யூக் கப்பலில் வந்திருந்தார். சிங்க் போர்ட்ஸ் கப்பலில் இருந்தோருள் இவரே சிறந்த மாலுமி என்று அவர் சான்று கூறவே, ரோஜர்ஸ் அவரைத் துணை மாலுமியாக அமர்த்தினார். ஸ்கர்வி நோயால் மெலிந்திருந்த கப்பலாட்களுக்குச் செல்கர்க் நாள்தோறும் இரண்டு மூன்று ஆடுகளைப் பிடித்துக் கொடுத்தார். மற்றவர் பிடித்துவந்த வேட்டை நாயும் அவரோடு ஓடமாட்டாது களைத்தது. கப்பலுணவு அவருக்கு ஒவ்வவில்லை. பாதரட்சை அணிந்தால் கால் வீங்கிற்று. மதுவையும் அவர் வேண்டவில்லை.

அக்கப்பல்கள் குவயாகில் நகரைக் கொள்ளையிட்டு, மணிலாவிலிருந்து வந்த ஸ்பானியப் பொக்கிஷக் கப்பலொன்றையும் பிடித்து, உலகைச் சுற்றி 1711-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ல் தேம்ஸ் நதியை யடைந்தன. செல்கர்க்குக்குக் கிடைத்த பங்கு ஏறத்தாழ 800 பவுன். தோல் தைப்பவர் மைந்தருக்கு அஃது எண்ணியும் பாராத செல்வம்.

ஊர் திரும்பியவர்

1712-ஆம் ஆண்டில் ரோஜர்ஸும், அவருடன் சென்ற எட்வர்டு குக்கும் தத்தம் பயண நூல்களை வெளியிட்டனர். இரண்டிலும் செல்கர்க்கின் விருத்தாந்தம் இடம்பெற்றது. 1713-ஆம் ஆண்டு டிசம்பரில் ரிச்சர்டு ஸ்டீல் என்னும் புகழ்பெற்ற கட்டுரையாளர் அவரைப்பற்றித் தம் பத்திரிகையில் எழுதினார். 800 பவுனுக்கு உரியவரான தாம், ஒரு காசுமின்றி இருந்த நாட்களிற் போல இனி மகிழ்ச்சி எய்தப்போவதில்லை என்று செல்கர்க் வருந்தியதாக ஸ்டீல் குறிக்கின்றார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, பிரிஸ்டல் நகரிற் கப்பற்றச்சர் ஒருவரைத் தாக்கிய குற்றம் அவர்மேற் சாட்டப்பட்டிருந்தது. மனிதர் நடுவே வந்தவுடன் பழைய சினமும் மீண்டது. சொந்த ஊர் சென்று, தந்தையார் வீட்டின் பின்புறத்து மேட்டில் குகைபோன்ற ஓரிடம் அமைத்து, அதில் அமர்ந்து கடலை நோக்கியிருந்தார் என்று அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். சோபியா புரூஸ் என்னும் பெண்ணோடு இலண்டன் சென்றார். பின்பு கடற்படையிற் சேர்ந்து, 1720-ஆம் ஆண்டிற் பிளிமத் நகரில் பிரான்சிஸ் காண்டிஸ் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவர் இறந்தபின் இவ்விரு பெண்களும் அவருடைய உடைமைக்காக வழக்காடினர். எவ்விடத்தும் அவர் நிலைகொள்ளவில்லை.

கதையும் மெய்யும்

அவர் உயிரோடிருக்கும்போதே, 1719-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ல், டீபோவின் நூல் வெளிவந்தது. அவ்வாண்டு முடியுமுன் நான்கு பதிப்புகள் கண்டது. அதனைச் செல்கர்க்கின் வாழ்க்கையோடு ஒப்பிட்டு நோக்குவோம். டீபோ தீவைப் பசிபிக்கிலிருந்து எடுத்து, ஒரினோகோ நதி கடலொடு கலக்குமிடத்துக்கு அருகே வைத்தார். நான்காண்டை இருபத்தெட்டாண்டாக நீட்டினார். மனிதரோடு பிணங்கி இறங்கியதைக் கப்பற்சேதமாக்கினார். அதனால் குரூஸோவின் தனிமைக்குப் புயல் காரணமாயிற்று. செல்கர்க்கின் தனிமைக்கோ ஒரு சொல் காரணம். குரூஸோ வேலி கட்டுகிறான், கணக்கெழுதுகிறான், தன்னைத் தீவின் அரசனென மதிக்கிறான். செல்கர்க் ஆடுகளோடு ஓடினார். குரூஸோவின் தீவு முடிவில் ஒரு குடியேற்றமாகின்றது. செல்கர்க்கின் தீவு அவர் போனபின் ஆடுகளுக்கும் பூனைகளுக்குமே மீண்டது.

கதையில் வரும் பிரைடே என்னும் ஏவலனும் மெய்வாழ்வில் வேறுருவம் கொள்கின்றான். செல்கர்க்குக்கு அத்தகைய துணைவர் ஒருவரும் இலர். ஆனால் அவருக்கு முன்னரே, 1681-ஆம் ஆண்டில், மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ இனத்தைச் சேர்ந்த வில் என்பவர் அதே தீவில் விடப்பட்டிருந்தார். ஸ்பானியக் கப்பல்கள் வருவது கண்டு ஆங்கிலக் கொள்ளைக்காரர் விரைந்தோடியபோது, காட்டில் வேட்டையாடச் சென்றிருந்த அவரை விட்டுச் சென்றனர். அவர் தம் துப்பாக்கிக் குழலையே வெட்டிக் காய்ச்சி, ஈட்டியும் தூண்டிலும் கத்தியும் செய்துகொண்டு மூன்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1684-ஆம் ஆண்டு மார்ச்சில் மீட்க வந்த கப்பலில் அவர் இனத்தவரான ராபின் என்பவர் இருந்தார். ராபின் முதலில் கரைக்குத் தாவி வில்லின் காலடியில் விழ, வில் அவரைத் தூக்கித் தழுவி, பின் தாமும் அவ்வாறே விழுந்து வணங்கினார். அக்காட்சியைக் கண்டு தம் நூலில் எழுதி வைத்தவரும் அதே டாம்பியரே. கதையில் காலடியில் விழுபவன் அடிமையாகின்றான். மெய்யிலோ இருவர் ஒருவர்முன் ஒருவர் விழுந்து எழுந்து நண்பராய்த் தழுவிக்கொண்டனர். தீவிலே தனித்து வாழும் ஆற்றலும் ஐரோப்பியர்க்கே உரியதன்று என்பதை வில்லின் வரலாறு காட்டுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் அக்கதையை வேறு கண்ணோடு மீட்டெழுதியோர் உளர். பிரெஞ்சு ஆசிரியர் மிஷேல் தூர்னியே 1967-ஆம் ஆண்டில் எழுதிய நாவலிற் கப்பலேறிச் செல்பவன் பிரைடே. தீவிலேயே தங்கிவிடுபவன் குரூஸோ. அம்முடிவு டீபோவின் முடிவினும் செல்கர்க்கின் உள்ளத்திற்கு அண்மையது என்பது எம் கருத்து.

முடிவு

குரூஸோ அடிமைகளை வாங்க ஆப்பிரிக்காவின் மேற்குக்கரை நோக்கிச் செல்லும் வழியிலேயே கப்பலுடைந்து தீவை அடைந்தான் என்பது கதை. செல்கர்க் அக்கரையிலேயே தம் முடிவை எய்தினார். கடற்கொள்ளைக்காரரை அடக்க அனுப்பப்பட்ட வேமத் என்னும் போர்க்கப்பலில் அவர் பணியாற்றுகையில், காய்ச்சல் பரவி மாலுமிகள் பலர் மாண்டனர். 1721-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ல் அவரும் இறந்தார். உடல் கடலில் விடப்பட்டது, வயது 45.

1885-ஆம் ஆண்டில், ஆட்டுத்தோல் ஆடையணிந்து கடலை நோக்கி நிற்கும் அவர் சிலையொன்று லோயர் லார்கோவில் நாட்டப்பட்டது. 1966-ஆம் ஆண்டிற் சிலி அரசாங்கம் அவர் வாழ்ந்த தீவுக்கு இராபின்ஸன் குரூஸோ தீவு என்று பெயரிட்டது. செல்கர்க்கின் பெயரையோ, அதற்கு மேற்கே நெடுந்தொலைவிலுள்ள வேறொரு தீவுக்கு இட்டது. அதில் அவர் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. இவ்வாறு கற்பனை மனிதன் மெய்ம்மனிதரின் தீவையும் எடுத்துக்கொண்டான். எனினும் பிற்காலத்தில் அங்கே அகழ்ந்தாய்ந்தோர், மாலுமிகள் தொலைவளக்கும் கருவியொன்றின் சிறு வெண்கல முனையைக் கண்டெடுத்து, 2005-ஆம் ஆண்டில் அதனை வெளிப்படுத்தினர். அது செல்கர்க் கொண்டுசென்ற கருவியின் துண்டாகலாம் என்பது அவர்கள் கொள்கை.

அன்பர்களே, குரூஸோவின் கதை தனிமையை வெல்வது எவ்வாறு என்று நமக்குக் கற்பிக்கின்றது. செல்கர்க் அதனை வென்றவரே. உணவும் உறையுளும் தேடி, அச்சத்தை அடக்கி, மனவமைதியையும் கண்டார். அவர் வெல்லமாட்டாது போனது தம் வீட்டு அடுப்பங்கரையையும், சபையின் வரிசையையும், கப்பலின் மேற்றளத்தையுமே. தம் கணிப்புச் சரியாயிருந்தும், அதனைப் பிறர் ஏற்குமாறு சொல்லும் பொறுமை அவருக்கு வாய்க்கவில்லை. நம்மில் எவரும் ஆளற்ற தீவில் விடப்படப் போவதில்லை. ஆனால் உப்புநீர் பருகியவரைக் கண்டு நகைக்கும் சகோதரரும், சொல்லைக் கேளாத தலைவரும் நம் ஒவ்வொருவர் வாழ்விலும் உளர். அவர்களிடையே வாழக் கற்பது, தீவில் வாழக் கற்பதினும் கடினமான பாடம் என்பதை அம்மாலுமியின் சரிதம் நமக்கு அறிவிக்கின்றது.